ஆன்டிபாடி நெகட்டிவ் என்று வந்துவிட்டால் மயஸ்தீனியா இல்லை என்று அர்த்தமா?

அப்பாவுக்கு 61 வயது, சாயங்காலமானால் இடது இமை இறங்கிவிடுகிறது, சில நாள் எதிரே வருகிறவர் இரண்டாகத் தெரிகிறார், ஆனால் மயஸ்தீனியா, அதாவது தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகிற நோய், இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் ஏ.சி.எச்.ஆர். ஆன்டிபாடி நெகட்டிவ் என்று வந்துவிட்டது, இனி நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி நாங்கள் நான்கு மாதம் தொலைத்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. அம்மா கூடவே இருந்து பார்த்ததையும், கடைசியில் எங்களுக்கு வாய்த்த நரம்பியல் மருத்துவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததையும்தான் எழுதுகிறேன். டாக்டர்கள் யாராவது படித்து, தவறு இருந்தால் திருத்தினால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன். "கூகுளில் படித்துவிட்டு வைத்தியம் சொல்லாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மருந்தையும் நான் சிபாரிசு செய்யவில்லை.

அம்மாவுக்கு அப்போது 54. முதலில் குரல் மாறியது. காலையில் கணீரென்று பேசுவாள், விளக்கு வைக்கிற நேரத்தில் மூக்கால் பேசுவது போல ஆகிவிடும். பிறகு சாப்பாடு. இரண்டாவது இட்லியில் தாடை ஓய்ந்துபோகும். இடது கையால் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவாள். ஒருநாள் ரசம் மூக்கு வழியாக வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை அன்றோடு விட்டாள். என் சித்தி மகள் கல்யாணத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், ஆனால் முகத்தில் சிரிப்பு வரவில்லை, உதடு கோணியது. "உங்க அம்மைக்கு என்ன இவ்வளவு பெருமை?" என்று மாப்பிள்ளை வீட்டார் என்னிடமே கேட்டார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஏ.சி.எச்.ஆர். நெகட்டிவ். பார்த்த டாக்டர் தாளைத் திருப்பித் தந்து, "ஒன்றுமில்லை, மனஅழுத்தம்" என்றார். தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். நானும் நம்பினேன். "ஏட்டி, எனக்கு என்னமோ செய்யுதுட்டி" என்று அம்மா சொன்னபோதெல்லாம் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினேன்.

அந்தத் தாள் சொல்லாததை அடுத்த டாக்டர் சொன்னார். இந்த நோயில் நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை வாங்கிக்கொள்கிற இடத்தை நம் உடம்பின் ஆன்டிபாடியே தாக்குகிறது. உடம்பு முழுக்கப் பரவியவர்களில் 100க்கு ஏறக்குறைய 85 பேருக்கு ஏ.சி.எச்.ஆர். பாசிட்டிவாக வரும். கண்ணோடு நிற்கிறவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் வரும். உங்கள் அப்பாவுக்கு இப்போது கண்ணில் மட்டும்தானே இருக்கிறது? அப்படியானால் அந்த நெகட்டிவை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பாசிட்டிவ் என்று வந்திருந்தால்தான், அறிகுறியும் பொருந்தும்போது, ஏறக்குறைய உறுதி என்பார்கள்.

அந்த டாக்டர் அம்மாவை ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னார். இருபது வரை சுத்தமாக வந்தது. முப்பதைத் தாண்டியதும் மூக்குக் குரல். நாற்பதுக்குமேல் எனக்கே புரியவில்லை. நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் சோதனையில் கை தசை சரியாக இருந்தது, முகத் தசையில் சோர்வு தெரிந்தது. பிறகு மஸ்க் என்ற வேறொரு ஆன்டிபாடிக்கு ரத்தம் அனுப்பினார். 2001இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டதாம். பாசிட்டிவ். முகம், தொண்டை, மூச்சு என்று அதிகம் தாக்குகிற வகை, பெண்களுக்கே கூடுதலாக வரும் என்றார். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இந்த வகையில் பலருக்குச் சரியாகப் பிடிக்காது. அம்மாவுக்கும் தசை துடித்து, வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாப் ஊசியும்தான் அவளைத் திரும்பவும் பந்தியில் உட்காரவைத்தன.

பரிசோதனைத் தாளில் ஆன்டிபாடி அளவாகப் போடும் எண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எண் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று இல்லை. குறைந்த எண் வந்தவர் வென்டிலேட்டரில் கிடக்கலாம், பெரிய எண் வந்தவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். லேபும் முறையும் மாறினால் அளவுகோலே மாறிவிடும், ஆகவே இரண்டு லேப் தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். அந்த நான்கு மாதமும் தினம் ஒரு வீடியோ அனுப்பினான், மஞ்சள் பால், மூச்சுப் பயிற்சி என்று. அம்மா ஐ.சி.யூ. வாசல்வரை போன இரவில் "லீவ் கிடைக்கலை" என்றான். பணம் அனுப்பினான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மோவாயைத் தாங்கிய அந்தக் கையை அவன் பார்க்கவே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் ஆறவில்லை.

நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துப் பார்க்கும் சோதனை, தசைச் சோதனை, மஸ்க் பரிசோதனை இவற்றைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். ஆன்டிபாடியைச் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னால் பாருங்கள், சிலருக்குப் பிறகு பாசிட்டிவாக மாறும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்தச் சந்தேகம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இந்த நோயைக் கிளப்பிவிடும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்பாவின் கண்ணைக் காலையில் எழுந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலும் டாக்டரைப் பார்ப்பது காலையில்தான், அப்போது இமை நன்றாகத்தான் இருக்கும். எங்களிடம் அப்படி ஒரு படம்கூட இல்லை.