பிஸ்டி பாறைக்காட்டுக்கு ஜூலையில் போகலாமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். ஜூலை விடுமுறையில் நியூ மெக்சிகோவின் பிஸ்டிக்குப் போய் அந்த விநோதப் பாறைகளைப் பார்க்க ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் 66 வயது அப்பாவும் 9 வயது மகளும் உடன் வருவார்கள். வழிகாட்டி இல்லாமல் போகலாமா? இரவு தங்க முடியுமா?

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், ஆனால் ஜூலையில் வேண்டாம். முடிந்தால் அக்டோபருக்குத் தள்ளிவையுங்கள். ஏப்ரல், மே மாதங்களும் பரவாயில்லை, காற்றுதான் மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஜூலையில் அங்கே வெயில் 35 டிகிரியைத் தொடும். உள்ளே ஒரு மரம்கூட இல்லை, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. பெரியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்தச் சோதனை தேவையில்லை.

வெயிலைவிட எனக்குக் கவலை தருவது மழை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை அங்கே வழக்கம். பிஸ்டியின் மண்ணில் பழைய எரிமலைச் சாம்பல் மக்கி உருவான பென்டனைட் களிமண் நிறைய இருக்கிறது. காய்ந்திருக்கும்போது பொரி பொரியாக உதிரும். நனைந்தால் ஊதிப் பெருத்து, சோப்புப் போட்டதுபோல் வழுக்கும், செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. வறண்டு கிடக்கும் ஓடைகளில் திடீரென வெள்ளமும் வரும். தார்ச்சாலையை விட்டு இறங்கியபின் வரும் மண்சாலையும் அப்படித்தான். இதே பாறைக்காட்டின் கிழக்கு வாசலான டி-நா-சின்னுக்குப் போகும் 7500 எண் கவுண்டிச் சாலை நனைந்துவிட்டால் போகவே முடியாது. மழை அறிவிப்பு இருக்கிற நாளில் புறப்படாதீர்கள், மழை நின்ற மறுநாளும் யோசியுங்கள்.

வழிகாட்டி கட்டாயமில்லை. கட்டணமோ அனுமதிச் சீட்டோ கிடையாது, ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் விதி. உள்ளே போட்ட பாதை என்று எதுவும் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அம்புக்குறியோ பெயர்ப்பலகையோ பார்க்க முடியாது. குன்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், இரண்டு திருப்பம் திரும்பியதும் திசை குழம்பிவிடும். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, காரை நிறுத்திய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்டி வாகன நிறுத்தம் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, நீங்கள் கிழக்கு நோக்கித்தான் நடப்பீர்கள். ஆகவே மாலையில் திரும்பும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், காலையில் பார்த்த அடையாளங்கள் வேறு மாதிரி தெரியும். போகும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மாலை 6.30 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். எதைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் 4 மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள்.

மகளுக்குச் சொல்ல அங்கே எவ்வளவோ இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடலோரச் சதுப்புக்காடு. அமெரிக்காவின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கடல் கிடந்த காலம் அது. காட்டு மரங்கள் மட்கிய இடத்தில் இன்று நிலக்கரிப் பட்டைகள் கறுப்பாகத் தெரிகின்றன. அந்தக் கரி எங்கெங்கே தானாகப் பற்றி எரிந்ததோ, அங்கெல்லாம் மேலிருந்த களிமண் சுட்ட செங்கல்லாகிச் சிவப்புக் குன்றுகளாக நிற்கிறது. மேலே கெட்டியான மணற்கல், கீழே மென்மையான களிப்பாறை. மழையும் காற்றும் கீழே இருப்பதை முதலில் தின்பதால்தான் தொப்பி வைத்த தூண்கள் உருவாகின்றன. இவற்றை ஹூடூ என்பார்கள். டைரனோசர் குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்டாஹிவெர்சர் என்ற டைனோசரின் எலும்பு இங்கே கிடைத்தது. 2010ல் பெயரிட்டபோது இந்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

விரிசல் விட்ட முட்டைகள்போல் பாறைகள் கிடக்கும் இடம் வாகன நிறுத்தத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை, ஓடைப்படுகையை ஒட்டியே போகலாம். வழியில் கல்லாகிப்போன மரத்துண்டுகள் நிறையச் சிதறியிருக்கும். ஒரு சில்லைக்கூட எடுக்க அனுமதியில்லை, மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தூண்கள் மேல் ஏறிப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற கல் ஒரு காலடியில் உடைந்துவிடும், திரும்ப ஒட்ட வழியில்லை. நடுநடுவே நவஹோ பழங்குடி மக்களுக்குச் சொந்தமான நிலங்களும் இருக்கின்றன, வேலி கண்டால் தாண்டாதீர்கள்.

ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் ஷூ, ஒவ்வொருவருக்கும் ஒரு டார்ச். பெட்ரோலை வடக்கே உள்ள ஃபார்மிங்டன் நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கிருந்து 371ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூடாரம் போட்டுத் தங்கலாம், நெருப்பு மூட்டத்தான் கூடாது. ஆனால் அக்டோபர் இரவில் குளிர் உறைநிலையை நெருங்கும், நம் ஊர் வெயிலில் பழகிய அப்பாவுக்கு ஃபார்மிங்டன் ஓட்டல் அறைதான் சரி. அவரால் 3 கிலோமீட்டர் நடக்க முடியாது என்றால் முதல் அரை மணி நேர நடையிலேயே வண்ணக் குன்றுகள் சில வந்துவிடும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப்போங்கள், துணைக்கு ஒருவர் அவருடன் இருக்கட்டும்.