மெல்போர்னுக்கு எத்தனை ஸ்வெட்டர்?

பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா கிளம்பும் வாசகர்கள் பெட்டி கட்டுவது பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் மெல்போர்ன். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்த ஊருக்கே.

கேள்வி: மகள் மெல்போர்னில் இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள். அக்டோபர் முதல் வாரம் நானும் கணவரும் கிளம்புகிறோம், ஆறு வாரம் தங்குவோம். என்ன துணி எடுத்து வரட்டும் என்று கேட்டால், "எல்லாமே எடுத்துட்டு வாம்மா, இங்க எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்கிறாள். கனமான ஸ்வெட்டர் இரண்டும் பெரிய கோட்டு ஒன்றும் வாங்கிவிட்டேன். பெட்டியில் பாதி அதற்கே போய்விட்டது. என்ன செய்ய? (வாசகி, மதுரை)

பதில்: அந்தக் கோட்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் அம்மா. ஸ்வெட்டரில் ஒன்று போதும்.

உங்கள் மகள் சொன்னது உண்மைதான். 'ஒரே நாளில் நாலு பருவம்' என்று அந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊரைப் பற்றி வாய்க்கு வாய் சொல்வார்கள். நமக்கு ஐப்பசி அடைமழை தொடங்கும் நேரத்தில் அங்கே குளிர்காலம் முடிந்து வசந்தம் நடக்கும். அக்டோபரில் பகல் சராசரி 20 டிகிரி, விடிகாலை 10 டிகிரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தச் சராசரியை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 30ஐத் தொடும் அக்டோபர் நாளும் உண்டு, பகல் முழுக்க 13ஐத் தாண்டாத நாளும் உண்டு, சில சமயம் அந்த இரண்டும் அடுத்தடுத்த நாளாகவே வரும்.

காரணம் காற்று. அந்த ஊருக்கு வடக்கே காய்ந்த உள்நாடு, தெற்கே அண்டார்டிகா வரைக்கும் குளிர்ந்த கடல். நமக்கு வாடை என்றால் நடுக்கம், தென்றல் என்றால் சுகம். அங்கே அது அப்படியே தலைகீழ், வடக்குக் காற்று அனலாக அடிக்கும், தெற்கிலிருந்து வருவது எலும்பைத் தொடும். வடக்குக் காற்று நின்று தென்மேற்குக்குத் திரும்புவதைத்தான் 'கூல் சேஞ்ச்' என்கிறார்கள், அது வந்தால் அரை மணிக்குள்ளேயே பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். 2009 பிப்ரவரி 7, மெல்போர்ன் இருக்கும் மாநிலத்தில் காட்டுத்தீ பரவிப் பலர் இறந்துபோன அந்த நாளில், நகரத்தில் வெயில் 46.4 டிகிரி, அன்றைக்கும் சாயங்காலம் காற்று திரும்பிச் சடாரென்று சூடு இறங்கியது.

நானும் என் அம்மாவும் போனது ஒரு நவம்பர் தொடக்கத்தில். ஃப்ளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு எதிரே டிராம் வரக் காத்திருக்கிறோம், நல்ல வெயில், அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. திடீரென்று காற்று நின்றது. ஒரு நிமிடம் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வீச்சு, கீழே கிடந்த காகிதக் கோப்பைகள் எல்லாம் தண்டவாளத்தின் மேல் உருண்டு ஓடின, அம்மாவின் முந்தானை முகத்தை மூடிக்கொண்டது, பின்னாலேயே சாய்வாக மழை. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் பதறவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண், ஓர் அலுவலகக்காரர், நம் அம்மா வயதில் ஒரு பாட்டி, மூன்று பேரும் பையிலிருந்து உள்ளங்கை அளவுக்குச் சுருட்டி வைத்த மெல்லிய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு டிராம் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார்கள். அம்மாவுக்கென்று நான் பார்த்துப் பார்த்து வாங்கிய கனத்த கோட்டு வீட்டில் ஆணியில் தொங்கியது. காலையில் வெயிலைப் பார்த்ததும், "இதை யார் தூக்குவது" என்று விட்டுவிட்டு வந்திருந்தோம். அன்று ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல்.

பெரிய கோட்டு வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். அது குளிர் தாங்காது என்று சொல்லவில்லை, நன்றாகவே தாங்கும். ஆனால் வெயிலில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அதனால் தேவைப்படும் நேரத்தில் அது நம்மோடு இருக்காது. டிராமுக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர் ஓடும், அங்கே கோட்டோடு நின்றால் புழுங்கும், கழற்றினால் உள்ளே வெறும் ரவிக்கைத் துணி. ஆகவே மெல்லியதாக மூன்று, ஒன்றின்மேல் ஒன்று போடும்படி. உடம்பை ஒட்டி ஒரு தெர்மல் பனியன். அதன்மேல் நீங்கள் வழக்கமாகப் போடும் முழுக்கை உடையோடு ஒரு லேசான ஃபிளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை) அல்லது ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் உள்ளே வராத, தலைமூடி வைத்த மெல்லிய ஜாக்கெட். இந்த மூன்றாவதுதான் உயிர்நாடி, காசு செலவழிப்பதானால் இதில் செலவழியுங்கள். அங்கே குளிரைவிடக் காற்றுதான் ஆளைப் படுத்தும், கம்பளி எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் கண்ணிகள் வழியாகக் காற்று புகுந்துவிடும், மேலே காற்றைத் தடுக்கும் ஒரு துணி இருந்தால் அடியில் சாதா ஸ்வெட்டரே போதும். வாங்கும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கடையில் வெறும் சட்டைக்கு மேலே போட்டுப் பார்த்து வாங்கிவிட்டு, அங்கே போய் ஜிப் ஏறாமல் திண்டாடுகிறோம்.

மகள் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும், ஆறு வாரத்துக்கு ஆறு வாரத் துணி வேண்டாம். ஏழு நாள் துணியை வைத்துச் சமாளிக்கலாம். ஆளுக்கு இரண்டு ஜோடி தெர்மல், திருப்பூரில் தைத்ததே நன்றாக இருக்கும். சாக்ஸ் மட்டும் தாராளமாக எடுங்கள். பழைய வீடுகளாக இருந்தால் வெளியே அடிக்கிற குளிர் உள்ளேயும் இருக்கும், ராத்திரி குழந்தைக்காக எழுந்திருக்கும்போது தரை சில்லிடும். வீட்டுக்குள் போட ஒரு மெத்தென்ற செருப்பும், உங்கள் கணவருக்கு ஒரு குல்லாவும் வையுங்கள். பருத்திப் புடவை பழையதாக நாலைந்து இருந்தால் பேரப்பிள்ளைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அந்த மெதுமை எந்த ஊரிலும் கிடைக்காது.

இன்னொன்று, ஜாக்கெட்டும் ஸ்வெட்டரும் கைப்பையில் இருக்கட்டும். விமானத்துக்குள்ளேயே குளிரும், இறங்கும் நேரத்தில் என்ன காற்று அடிக்கிறதோ தெரியாது, பெட்டி வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 64 வயது. புடவை தவிர வேறு எதுவும் உடுத்தியதில்லை, இனிமேல் சுடிதார் போடச் சொன்னால் எனக்கு வராது. அந்தக் குளிரில் புடவையோடு சமாளிக்க முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக முடியும். சுடிதார் போட்டே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் கவலைப்படாதீர்கள், உங்களுக்கு எது நிம்மதியோ அதில் போய் வாருங்கள். உள்ளே மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பாவாடைக்கு அடியில் தெர்மல் லெக்கிங்ஸ். காட்டன் பாவாடை அதன்மேல் ஒட்டிக்கொண்டு நடக்கவிடாது, அதனால் சாட்டின் பாவாடை கட்டுங்கள். ரவிக்கைக்குப் பதிலாகப் பின்னல் துணியில் முழுக்கை பனியன் மாதிரி வரும் டாப்ஸ், புடவைக்கு ஒத்த நிறத்தில் கறுப்பு, மெரூன், கரும்பச்சை என்று மூன்று வாங்கிவிட்டால் எல்லாப் புடவைக்கும் போகும். கழுத்து கொஞ்சம் மேலே ஏறி இருந்தால் இன்னும் நல்லது. குளிர் முதலில் ஏறுவது கழுத்தும் இடுப்பும்தான், இடுப்பில் அந்த நாலு விரல் இடைவெளி தெரியாதபடி டாப்ஸ் நீளமாக இருக்கட்டும், நீளத்தைப் பாவாடைக்குள் செருகிவிடுங்கள்.

புடவையில் வெளியே போவதற்கு என்று தனியாக மூன்று எடுத்து வையுங்கள், மூன்றும் கிரேப்போ பூனமோ மாதிரி சீக்கிரம் காய்கிற ரகமாக. பருத்திப் புடவை மழையில் கரை நனைந்தால் அந்த ஈரம் கணுக்காலில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை விடாது, அங்கே குளிர்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் குளிர்வது அந்த ஈரத்தில்தான். வழக்கத்தைவிட இரண்டு விரல் தூக்கிக் கட்டுங்கள். முந்தானையைத் தோளில் பின் குத்திய பிறகு பின்னால் தொங்கவிடாமல் இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து செருகிவிட்டு, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் தொடை வரை வரும் மழை ஜாக்கெட். காற்று அடித்தாலும் எதுவும் பறக்காது, கையும் சும்மா இருக்கும். பட்டு உண்மையிலேயே கதகதப்பு, ஆனால் தூறல் பட்டால் திட்டுத் திட்டாகிவிடும், தீபாவளிக்கும் கோயிலுக்கும் என்று ஒன்று போதும்.

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு நிச்சயம் கூட்டிப் போவார்கள். அன்றைக்குப் பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும்.

கேள்வி: நல்ல மடக்குக் குடை ஒன்று இருக்கிறது, அது போதாதா? ஷூ பழக்கமில்லை, தோல் செருப்புதான். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: குடை போதாது ஐயா. நம் மழை நேராகக் கொட்டும், குடை தாங்கும். அங்கே மழையின் அளவு குறைவு, வருடத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை, ஆனால் அதைப் பத்து நிமிடத் தூறலாக வருடம் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கும், கூடவே காற்றும் வரும். குடை மலர்ந்துவிடும். நகரத்துத் தெருவோரக் குப்பைத் தொட்டியில் கம்பி உடைந்த குடைகள் தலைகீழாகச் செருகிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். ஜாக்கெட்டின் தலைமூடிதான் சரி.

செருப்பு வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒரு லேசான ஷூ வாங்கித் தினமும் சாயங்காலம் அரை மணி போட்டு நடந்து பழகுங்கள், புது ஷூவோடு விமானம் ஏறினால் மூன்றாம் நாள் குதிகால் புண்ணாகி வீட்டில் உட்கார வேண்டியதுதான். வலைத்துணி ஷூ நனைந்தால் அன்று முழுக்க ஈரம், மேல்பாகம் ரெக்ஸினோ தோலோ இருக்கட்டும். கிளம்புமுன் அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஷூவில் மண் இருந்தால் அங்கே இறங்கியதும் பயணிகளுக்குத் தரும் அட்டையில் எழுதித் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம் போடுவார்கள், அவ்வளவு கறார்.

கேள்வி: குளிர் ஊருக்குத்தானே போகிறோம், மகன் எதற்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்து வரச் சொல்கிறான்? (வாசகி, சேலம்)

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். வெயில் சுடுவது வேறு, புறஊதாக் கதிர் வேறு. 17 டிகிரி காட்டும் நாளில்கூட மெல்போர்ன் வெயில் முகத்தை எரித்துவிடும், உடம்புக்குச் சூடு தெரியாததால் நாமும் நிழலுக்குப் போகத் தோன்றாமல் நின்றுகொண்டிருப்போம். ஆகஸ்ட் பாதியிலிருந்து ஏப்ரல் முடியும் வரை அங்கே புறஊதா அளவு 3ஐ எட்டும், அதைத் தாண்டியும் போகும், 3ஐ எட்டினாலே தோலை மூடச் சொல்கிறார்கள். சட்டை போடு, கிரீம் தடவு, தொப்பி வை என்று 1981லிருந்தே அந்த நாட்டில் பிரசாரம் நடக்கிறது. நம் நிறத்துக்கு ஆபத்து குறைவு என்றாலும் கண்ணுக்கும் முகத்துக்கும் காப்பு வேண்டும். காதுவரை நிழல் விழும் தொப்பியாக, தாடைக்கு அடியில் கட்ட ஒரு நாடா வைத்துத் தைத்து எடுத்துப் போங்கள். கடற்கரைப் பக்கம் போனால் காற்று கொண்டுபோய்விடும்.

கேள்வி: இதையெல்லாம் அங்கே போய் வாங்கிக்கொண்டால் என்ன? (வாசகர், கோவை)

பதில்: ஜாக்கெட் தவிர மற்றதை வாங்கலாம். கேமார்ட் மாதிரிக் கடைகளில் ஃபிளீஸும் குல்லாவும் மலிவு. நன்கொடையாக வந்த துணியை விற்கும் கடைகளை 'ஆப் ஷாப்' என்பார்கள், அங்கே நல்ல மெரினோ கம்பளி ஸ்வெட்டர்கூட அகப்படும், பழைய துணி என்று கூச்சப்பட வேண்டாம், அந்த ஊரில் வசதியானவர்களும் அங்கே வாங்குகிறார்கள். ஆனால் இறங்கிய முதல் நாளே காற்று அடிக்கலாம், ஆகவே கையில் ஒன்றாவது இருக்கட்டும்.

கேள்வி: கணவருக்கு வீசிங் உண்டு. நவம்பரில் போகிறோம். குளிருக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது? (வாசகி, வேலூர்)

பதில்: குளிரைவிட இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து அசட்டையாக விடாதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அங்கே புல் பூக்கும் காலம். வடக்குக் காற்று அந்த மகரந்தத்தை ஊருக்குள் கொண்டுவரும், அதன்மேல் இடிமழை வந்தால் மகரந்தம் பொடிப்பொடியாக உடைந்து நுரையீரலுக்குள் போய்விடும். 2016 நவம்பர் 21 அன்று அப்படி ஒரு சாயங்காலம், ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அதற்கு முன் ஆஸ்துமாவே வராதவர்களுக்கும் அன்று மூச்சு முட்டியது.

கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்து, நவம்பரில் மெல்போர்ன் போகிறோம் என்று ஊர் பெயரையும் மாதத்தையும் சொல்லியே மருந்து கேளுங்கள். மகனையோ மகளையோ 'விக் எமர்ஜென்சி' செயலியைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள், இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கை அதில் வரும். எச்சரிக்கை வந்த நாளில் இடிமழைக்கு முன்னால் அடிக்கிற அந்தக் காற்று தொடங்கும்போதே வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். மகரந்தம் அதிகம் என்று சொல்லும் நாட்களில் துவைத்த துணியைக் கொல்லைக் கொடியில் காயப்போடாதீர்கள், பூத்தூள் எல்லாம் துணியில் படிந்து படுக்கைக்கே வந்துவிடும். இன்ஹேலர் பெட்டியிலோ உங்கள் கைப்பையிலோ இருக்க வேண்டாம், அவர் போட்டிருக்கும் ஜாக்கெட்டின் ஜிப் வைத்த பாக்கெட்டில் இருக்கட்டும். வெயில் வந்து அவர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தால், வாங்கி மடிக்கும்போதே அதை எடுத்து அவர் சட்டைப் பைக்கு மாற்றிவிடுங்கள்.