உறவில்லாத முதியவர் நினைவிழந்தால் பொறுப்பு யாருக்கு?

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது, சொந்தம் யாருமில்லை, அரசு பொறுப்பேற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் இதற்கு முதலில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். அப்புறம் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். தங்க இடம் வேண்டுமென்றால் யாழ்ப்பாண மாவட்டத்தில் கைதடி அரச முதியோர் இல்லம் இருக்கிறது.

ஆனால் காணி, வங்கிப் பணம் இருந்தால் இது போதாது. அந்த அம்மாவின் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்க யாரையும் விடாதீர்கள். எனக்குப் பெரிய பயமே அதுதான். மாவட்ட நீதிமன்றம் மருத்துவச் சான்றைப் பார்த்து விசாரித்து, சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளைக் கவனிக்க ஒரு பாதுகாவலரையும் நியமிக்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் (சிவில் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் சட்டம்) இதற்கு வழியுண்டு. மனுவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்; வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் உதவுவார்கள்.