ரக்பி லீக்ல சேலரி கேப்னா என்ன? வருஷா வருஷம் எல்லா டீம் ஃபேன்ஸும் "இந்த தடவ கப் நமக்குத்தான்"னு சொல்றது எப்படி?

ஆஸ்திரேலியாவோட பெரிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்ல ஒரு கிளப் தன்னோட பிளேயர்ஸ் எல்லாருக்கும் சேத்து இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு, அதான் சேலரி கேப். பணக்கார கிளப்பே நல்ல ஆளுங்க எல்லாரையும் வளச்சுப் போட்டுடக் கூடாதுன்னுதான் இது.

தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பட்ஜெட்னு வச்சுக்கோங்க, ஒருத்தருக்குப் பட்டு எடுத்தா மத்தவங்களுக்குக் காட்டன்தான். பென்ரித் கிளப் 2021லேர்ந்து 2024 வரைக்கும் நாலு கப் வரிசையா அடிச்சாங்க, ஜெயிக்க ஜெயிக்க ஆளுங்க ரேட்டும் ஏறுமே, எல்லாரையும் கேப்புக்குள்ள அடக்க முடியாதே, அவங்க பிளேயர் க்ரைட்டன் புல்டாக்ஸ் கிளப்புக்குப் போனாரு, இன்னொரு பிளேயர் லுவாய் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போனாரு. 2022, 23, 24னு மூணு வருஷமும் கடைசி இடத்துல கெடந்த டைகர்ஸ் ஃபேனுக்கு ஆசை வராம இருக்குமா? பாரமாட்டா ஃபேன்ஸ் வேற ரகம், கடைசியா கப் பாத்தது 1986ல, ஆனா நம்பிக்கை மட்டும் கொறையவே இல்ல (பாவம்தான்).

மெல்போர்ன் ஸ்டார்ம்ங்கிற கிளப் கேப்ப மீறி ரகசியமா சம்பளம் குடுத்தது 2010ல வெளிய வந்து, 2007, 2009 ரெண்டு பட்டத்தையும் பிடுங்கிட்டாங்க, அவ்வளவு ஸ்ட்ரிக்ட்.

நிறைய பேர் இத ஒரு பிளேயருக்கான உச்ச சம்பளம்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, மொத்த டீமுக்கும் சேத்துதான் கணக்கு.