வலிக்காத காலை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 51. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். 11 வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். கடையில் எல்லோரும் கறுப்பு ஷூ போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வலது குதிகாலின் பின்பக்கம் கடித்துக் கொப்புளம் வந்துவிட்டது, நொண்டிக்கொண்டுதான் நடக்கிறேன். இடது ஷூ நன்றாகப் பழகிவிட்டது, வலியே இல்லை. சாயங்காலம் கழற்றும்போது சாக்ஸில் சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் ஈரக் கறை மட்டும் தெரிகிறது. வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. சாக்ஸ் இறுக்கிய தடம் விழுகிறது. ரத்த ஓட்டம் நின்றுவிடுமா? ஷூவுக்குள் தண்ணீர்ப் பை வைத்து ஃப்ரீசரில் வைத்தால் பெரிதாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் மூன்று நாள் சாப்பிட்டேன். என் அப்பாவுக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: இடது காலைப் பாருங்கள். இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சாக்ஸைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், சுண்டுவிரலின் வெளிப்பக்கம், அதன் அடிப்பக்கம், நாலாவது விரலுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் இடுக்கு, மூன்றையும் பாருங்கள். குனிய முடியவில்லை என்றால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சாக்ஸ் நனைகிறது என்றால் அங்கே தோல் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். வெறும் வியர்வையாக இருந்தால் சாக்ஸ் முழுக்க ஈரமாக இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் கறை படிகிறது என்றால் அது புண்ணிலிருந்து வரும் நீர்.

கடிதம் முழுக்க வலது காலைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்களுக்கு இப்போது நல்ல கால் அதுதான். கடித்தால் வலிக்கிறது, வலித்தால் நொண்டுகிறீர்கள், நொண்டினால் அந்த இடத்துக்குப் பாரம் குறைகிறது. கால் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இடது கால் கிழிந்து நீர் வடிகிறது, உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைப் போய் 'பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். பழகவில்லை ஐயா, உணர்ச்சி குறைந்திருக்கிறது.

ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் வலிக்கிறது, இன்னொரு பக்கம் வலிக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பக்கம் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். சர்க்கரையால் கெடும் நரம்புகளில் மிக நீளமானவை முதலில் கெடும். முதுகிலிருந்து விரல் நுனிவரை வரும் நரம்புதானே மிக நீளம்? அதனால் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் மாட்டுகிற மாதிரி மெல்ல மேலே ஏறும். உங்கள் குதிகாலுக்குப் பின்னால் இன்னும் உணர்வு இருக்கிறது, அதனால் வலது ஷூ கடித்ததும் தெரிந்தது. விரல்களில் அது குறைந்துவிட்டது போலிருக்கிறது. அப்படியானால் வலது கால் விரல்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். வலது நகம் எப்போது அடிபட்டுக் கறுத்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

நடக்கும்போது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, நீங்கள் பாட்டுக்கு நான்கு அடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்த அனுபவம் உண்டா? தரை பஞ்சு மாதிரி இருக்கிறதா? ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறதா? சர்க்கரை நோயாளிகளிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு ஆம் என்றால் மற்றதைக் கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். மனைவியோ பிள்ளையோ உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது. இரண்டு காலிலுமாக ஆறு இடம். தொட்டது தெரிந்தவுடன் வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையையும் தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் வைத்து இதையே துல்லியமாகப் பார்ப்பார்கள். ஆறும் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சாக்ஸில் கறை இருக்கிறது, அது போதும் போவதற்கு.

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் எடுத்த ஊர் நம் வேலூர். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் நோயாளிகளோடு உட்கார்ந்து, அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எதைப் பிடிக்கிறார்கள் என்று கவனித்தார். சதை நோயால் அழுகவில்லை, வலி தெரியாததால் தினமும் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கிறது என்று காட்டினார். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் அந்தக் கால்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்.) என்ற மெத்தென்ற ரப்பர் போட்ட செருப்பு செய்தார்கள். இன்றைக்குச் சர்க்கரைக்காரர்கள் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குவது அதைத்தான். நோய் வேறாக இருந்தாலும், மரத்த கால் புண்ணாகும் விதம் ஒன்றுதான்.

எப்படி என்று சொல்கிறேன். நாள் முழுக்கக் கடையில் மாடிக்கும் கீழுக்கும் அலைகிறீர்கள். 10,000 அடி என்று வைத்தால் ஒவ்வொரு காலுக்கும் 5,000. ஷூவின் ஓரம் சுண்டுவிரலில் 5,000 தடவை உரசுகிறது. உணர்வுள்ளவன் 200-வது தடவையிலேயே காலைச் சாய்த்து வைப்பான், லேஸைத் தளர்த்துவான், மூலையில் உட்கார்ந்து கழற்றிவிடுவான். தனக்குத் தெரியாமலே செய்வான். உணர்வு போனவன் 5,000 தடவையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்வான். அந்தப் புண் வழியாகக் கிருமி உள்ளே போய், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல், ரத்தக்குழாயும் அடைத்திருந்தால், அதற்கப்புறம்தான் உங்கள் அப்பாவின் கதை. நீங்கள் இந்தக் கதையின் முதல் பக்கத்தில் இருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் நிறுத்தினால் விரல்கூடப் போகாது. பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும் நேரத்தில் நிறுத்திவிடலாம்.

ஆகவே நாளைக் காலை போங்கள். அந்தப் புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தாலோ, கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, கெட்ட வாடை, சீழ், கறுத்த தோல், காய்ச்சல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ காலைவரை வேண்டாம், இன்றைக்கே. பாதத்தில் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் சர்க்கரைக்காரர்களின் கால்களைப் பரிசோதிக்கிறார்கள். தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை.

அதுவரைக்கும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான காஸ் துணியால் மூடிவையுங்கள். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்க வேண்டாம். சூடு தெரியாத கால் அதிலேயே வெந்துபோனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஷூவையும் போடக் கூடாது, இரண்டு காலிலும்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் காலுக்காகச் சாப்பிட்டீர்கள்? வலதுக்கு என்றால் அது உராய்ந்து வந்த கொப்புளம், உடையாதவரை அதில் பொதுவாகக் கிருமி இருக்காது. இடதுக்கு என்றால் அப்போதே புண் இருப்பது தெரிந்திருக்கிறது! மூன்று நாள் சாப்பிட்டு நிறுத்தியதில் கிருமி முழுக்கச் செத்திருக்கும் என்று சொல்ல முடியாது. மேலே கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்து உள்ளே வேலை செய்யலாம். மெடிக்கலில் இருப்பவர் உங்கள் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சாக்ஸ் தடம் எல்லோருக்கும் விழும், எலாஸ்டிக் இறுக்கினால் தோல் அமுங்குகிறது, அவ்வளவுதான். அதனால் ரத்த ஓட்டம் நிற்காது. ஆனாலும் வாய் தளர்வான பருத்தி சாக்ஸ் வாங்குங்கள், வெள்ளை நிறத்தில். கறுப்பு சாக்ஸில் கறை தெரிந்திருக்காது. நகம் கறுத்தது ஷூவின் முனை இடித்து உள்ளே ரத்தம் கட்டியது. அது வளர்ந்து வெளியே வர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். தோண்டாதீர்கள். குதிகால் கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் தோலே அதற்குக் கட்டு. அதையும் மருத்துவர் பார்க்கட்டும். நாளைக்கு அந்த இடத்தில் கால் ஆணி வந்தால் பிளேடு எடுக்கவோ மெடிக்கலில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டவோ கூடாது. அந்த பிளாஸ்டரில் இருப்பது அமிலம், ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும்.

இப்போது ஷூ. ஃப்ரீசர் வைத்தியத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆனால் எந்தப் பக்கம் தடையில்லையோ அந்தப் பக்கம்தான் பெருக்கும். ஷூவில் அது மேலே திறந்திருக்கும் வாய்ப் பக்கம். உங்கள் சுண்டுவிரல் பக்கம் இல்லை. தடித்த சாக்ஸோடு ஷூவைப் போட்டுக்கொண்டு ஹேர் டிரையரால் சூடுகாட்டச் சொல்லும் வீடியோவும் ஒன்று சுற்றுகிறது. அதைச் செய்துவிடாதீர்கள். ஷூவின் பசை விடும் என்பது சின்ன விஷயம், உங்களுக்குக் கால் வெந்துபோகும்.

உண்மையில் என்ன செய்யலாம்? முதலில் அது தோலா ரெக்சினா என்று பாருங்கள். தோல் என்றால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் உள்ளே மரக்கட்டையைச் செருகி ஒரு ராத்திரி வைத்து அகலப்படுத்தித் தருவார். அகலம்தான் கூடும், நீளம் கூடாது. ரெக்சின் அவ்வளவு இழுபடாது. குதிகால் பக்கத்து விளிம்பு விறைப்பாக இருந்தால் உள்பக்கம் துளி தேங்காய் எண்ணெய் தடவி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் இளகும். காலில் உணர்வு நன்றாக இருக்கும் ஓர் இளைஞர் கேட்டிருந்தால் இதைச் சொல்லி, ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள் என்று முடித்திருப்பேன். உங்களுக்கு அந்த ஜோடியைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம் என்றுதான் சொல்வேன். யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வாங்கும்போது ஒரு விஷயம். உணர்வு குறைந்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலே சின்ன ஷூவைத்தான் வாங்குவார்கள். சரியான அளவு போட்டால் கால் எதையும் தொடாத மாதிரி, தொளதொள என்று இருப்பதாகத் தோன்றும். இறுக்கினால்தான் ஷூ போட்டிருப்பதே தெரியும். இந்த ஷூவையும் நீங்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதனால் காலைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், அட்டையின் மேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கடையில் ஷூவை அதன்மேல் வையுங்கள். கோடு எங்காவது ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். பெரிய காலுக்குத்தான் அளவு, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். புது ஷூவை முதல் நாள் வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பார்த்து, நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இதெல்லாம் புண் முழுக்க ஆறிய பிறகு. போடுமுன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு சின்னக் கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

கடையில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் இருக்கும். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எம்.சி.ஆர். உட்புறம் வைத்த, பின்வார் உள்ள காலணி கறுப்பிலேயே கிடைக்கிறது, யூனிஃபார்முக்கு ஒரு குறையும் வராது. கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். கேட்டால் மருத்துவர் கடிதத்தைக் காட்டுங்கள்.

நாளைக்குப் போகும்போது அந்த ஷூவையும் சாக்ஸையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாக்ஸைத் துவைத்துவிட வேண்டாம்.