எச்.பி.வி. தடுப்பூசியும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில்கள்

கேள்வி: எனது மகள் 6ஆம் தரத்தில் படிக்கிறாள். எச்.பி.வி. தடுப்பூசி போடுவதற்குச் சம்மதம் கேட்டுப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிள்ளை இன்னும் சாமத்தியப்படவில்லை, இந்த ஊசியைப் போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமற் போய்விடும் என்று மாமி மறிக்கிறார். கையெழுத்து வைக்கலாமா, டொக்டர்?
(தாய் ஒருவர், கோண்டாவில்)

பதில்: தயங்காமல் கையெழுத்து வையுங்கள். எச்.பி.வி. என்பது கருப்பைக் கழுத்தில், அதாவது கருப்பையின் வாய்ப்பகுதியில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். அதைத் தடுப்பதற்கே இந்த ஊசி. பேத்தியின் மீதுள்ள அக்கறையால்தான் மாமி மறிக்கிறார் என்பதால், அவருக்கும் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள். இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் வெளியுறையை ஒத்த புரதத்தை மட்டும் ஆய்வுகூடத்தில் உருவாக்கி மருந்தில் சேர்க்கிறார்கள். அதனுள்ளே மரபணு இல்லாதபடியால் அது தொற்றை உண்டாக்கவும் முடியாது, புற்றுநோயை உண்டாக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு பல தடவை ஆராய்ந்தும், இது மலட்டுத்தன்மையை ஏற்படுத்துகிறது என்பதற்குச் சான்று எதனையும் காணவில்லை. ஊசி போட்ட கையில் நோவு, இலேசான காய்ச்சல், சில பிள்ளைகளுக்கு ஊசியைக் கண்ட பயத்தில் தலைச்சுற்று ஆகியவைதான் வழக்கமாக வருகின்றன. அன்று காலையில் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஊசி போட்டபின் 15 நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

சாமத்தியப்படவில்லை என்பது ஊசியைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. தடுப்பூசி வரப்போகும் தொற்றைத் தடுக்குமேயன்றி, உடலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட வைரஸை அகற்றாது. ஆகவே தொற்றுக்கான வாய்ப்பு ஏற்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அதைப் போட வேண்டும். அந்த வயதில் உடல் எதிர்ப்புச் சக்தியை மிக நன்றாக உருவாக்கும் என்பது மற்றொரு அனுகூலம். இதனால்தான் இலங்கையில் 2017ஆம் ஆண்டு தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்த்தபோது, 6ஆம் தர மாணவிகளுக்கு 6 மாத இடைவெளியில் 2 தடவை இலவசமாகக் கொடுப்பதென முடிவு செய்தார்கள். யப்பானில் 2013இல் இதே போன்ற அச்சம் பரவி, அரசாங்கம் இத்தடுப்பூசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியபோது, 70 சதவீதமளவில் இருந்த தடுப்பூசி பெறும் வீதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. 2022இல் பரிந்துரை மீண்டும் தொடங்கியது. இடையில் வளர்ந்த பெண்பிள்ளைகள் பலர் உரிய வயதைத் தவறவிட்டுவிட்டார்கள். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரவேண்டாம்.

கேள்வி: எனக்கு 45 வயது. கணவர் 2009இல் இறந்துவிட்டார். அதன்பின் பிள்ளைகளை வளர்ப்பதே என் வாழ்க்கை. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி மூன்று தரம் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு எதற்கு இந்தக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை? அங்கே போனால் ஊர் என்ன கதைக்கும்?
(வாசகி, வடமராட்சி)

பதில்: அம்மா, உங்களைப் போன்றவர்களுக்காகவே இந்தப் பகுதியில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். போருக்குப் பின் வடக்கில் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் உங்களைப் போலவே நினைத்துப் பரிசோதனையைத் தவிர்ப்பதைக் காணும்போது மனம் கனக்கிறது.

எச்.பி.வி. என்பது மிகச் சாதாரணமான வைரஸ். தாம்பத்திய வாழ்வில் ஈடுபட்ட ஆண், பெண் இருபாலாரிலும் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அதன் தொற்றுக்கு ஆளாகிறார்கள். கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் அது வரலாம். பத்தில் ஒன்பது தொற்றுகளை உடல் தானாகவே 2 ஆண்டுகளுக்குள் அடக்கிவிடும். எஞ்சிய சிலரில்தான் அது கருப்பைக் கழுத்தின் கலங்களில் தங்கி, எந்த அறிகுறியும் காட்டாமல் மெல்ல மெல்ல மாற்றங்களை உண்டாக்குகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் வரை எடுக்கும். திருமணமான காலத்தில் வந்த தொற்று இன்று 45 வயதில் வெளிப்படக்கூடும் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். கணவர் மறைந்ததோடு அந்த ஆபத்து மறைந்துவிடுவதில்லை.

அந்த நீண்ட கால இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பும்கூட. புற்றுநோயாவதற்கு முன்னரே மாற்றத்தைக் கண்டுபிடித்தால், சிறிய சிகிச்சையோடு அதை அகற்றிவிடலாம். இலங்கையில் 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைப்பது இதற்காகத்தான். அங்கே இரத்த அழுத்தத்தையும் மார்பகங்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள். யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் பிறஷர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், அது பொய்யுமல்ல. மூன்று தரம் உங்கள் படலையைத் திறந்து வந்த அந்த உத்தியோகத்தர் உங்களுக்கு நல்லதையே செய்கிறார்.

கேள்வி: கனடாவிலிருந்து லீவில் வந்த அக்கா, அங்கே கருப்பைக் கழுத்தின் கலங்களைத் தடவியெடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனைக்குப் பதிலாக எச்.பி.வி. பரிசோதனை வந்துவிட்டது என்கிறார். நாட்டுக்கு நாடு வைரஸ் வேறுபடுமா? எங்கள் பெண்களுக்கு ஆபத்துக் குறைவா, கூடவா?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: வைரஸின் வகைகளில் ஓரளவு வேறுபாடு உண்டு. 200க்கும் மேற்பட்ட எச்.பி.வி. வகைகளில் ஒரு டசினளவே புற்றுநோயோடு தொடர்புடையவை. அவற்றுள் 16ஆம், 18ஆம் வகைகள் உலகெங்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமாகின்றன. கிழக்காசியாவில் 52, 58 ஆகிய வகைகளும் ஆபிரிக்காவில் 35ஆம் வகையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் பெண்களுக்கு இந்நோய் வரும் சாத்தியம் 6 மடங்கு அதிகம்.

ஆயினும் இந்த வேறுபாடுகளை விடவும் பெரிதாக முன்னால் நிற்பது, தடுப்பூசியும் பரிசோதனையும் பெண்ணின் வாசலுக்கு வந்து சேர்ந்தனவா என்ற கேள்விதான். 2022இல் உலகில் சுமார் 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 94 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் நிகழ்ந்தவை. சுவீடனிலோ 17 வயதுக்கு முன் தடுப்பூசி பெற்ற பெண்களில் இந்நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. செல்வந்த நாடுகளுக்குத்தான் இது சாத்தியம் என்றும் சொல்லிவிட முடியாது. ருவாண்டா 2011இலேயே நாடு முழுவதும் தடுப்பூசியைத் தொடங்கியது. கடலுக்கு அப்பால் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற தாதியர் கிராமங்களில் அசற்றிக்கமிலம் தடவி வெறும் கண்ணால் கருப்பைக் கழுத்தைப் பார்த்துப் பரிசோதித்த ஆய்வில், இந்நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். எங்கள் மொழி பேசும் கிராமத்துப் பெண்கள் முன்வந்து கலந்துகொண்ட ஆய்வு அது. எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தருவது.

அக்கா சொன்னது சரி. ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 மார்ச் முதல் 25க்கும் 69க்கும் இடைப்பட்டவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனையே செய்கிறார்கள். அது வைரஸையே தேடுவதால் பப் பரிசோதனையைவிடக் கூர்மையானது. ஆனால் அக்காவிடம் ஒன்றைக் கேளுங்கள்: அவர் அதைச் செய்துகொண்டாரா? தெற்காசியாவிலிருந்து குடியேறிய பெண்கள் அந்த மாகாணத்தில் ஏனையோரைவிடக் குறைவாகவே பரிசோதனைக்குப் போகிறார்கள். 2017க்கு முன் இங்கே 6ஆம் தரத்தைக் கடந்த எவருக்கும் பாடசாலையில் இந்தத் தடுப்பூசி கிடைத்திருக்காது என்பதால், ரொறன்ரோவில் இருந்தாலும் சாவகச்சேரியில் இருந்தாலும் அந்த வயதுப் பெண்களுக்குப் பரிசோதனைதான் காவல். தடுப்பூசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதிக்கத்தான் வேண்டும், ஏனெனில் அது எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

கேள்வி: மனைவிக்கு எச்.பி.வி. இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. வீட்டில் நிம்மதி போய்விட்டது.
(வாசகர், மானிப்பாய்)

பதில்: ஐயா, அந்த முடிவை வைத்து ஒருவரது ஒழுக்கத்தை அளக்க முடியாது. தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பல ஆண்டுகள் மறைந்திருந்து பின்னர் தென்படலாம், உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம். வைரஸ் இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று பொருளுமல்ல. மனைவியோடு நீங்களும் கூடப் பெண்நோயியல் நிபுணரிடம் போங்கள். நீங்கள் புகைப்பவரானால் அதை நிறுத்துங்கள், வீட்டுக்குள் வரும் புகையும் அவருக்கு நல்லதல்ல.

கேள்வி: பப் பரிசோதனை நோகுமா? வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது.
(வாசகி, ஊர்காவற்றுறை)

பதில்: கட்டிலில் படுத்து முழங்கால்களை மடித்துக்கொள்ளச் சொல்லி, மேலே ஒரு துணியைப் போர்த்துவார்கள். பிறப்புறுப்பின் வழியை விரித்துப் பிடிக்க ஒரு கருவியை வைத்து, சிறிய தட்டையான குச்சியால் கருப்பைக் கழுத்தை மெல்லச் சுற்றித் தடவி, அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிடங்கள்தான். உடம்பை இறுக்காமல் மூச்சை விட்டுக்கொண்டிருந்தால் அசௌகரியம் குறையும். நோவு தெரிந்தால் நிறுத்தும்படி நீங்கள் சொல்லலாம். மாதவிடாய் நாட்களில் போகாதீர்கள். முந்திய இரண்டு நாட்களும் உடலுறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். முடிவு எப்போது வரும் என்று அன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு, வராவிட்டால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். உடலுறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே வைத்தியசாலையில் காட்டுங்கள்.