லண்டனில் வாடகை வீடும் அரசாங்க உதவியும்: கேள்வி பதில்

யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவிப்பணம்) கிடைக்கும் வாடகை உதவி பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இவை இங்கிலாந்துக்குப் பொருந்துபவை. அரசாங்க நிதி பெறக்கூடாது என்று விசாவில் இருந்தால் விண்ணப்பிக்க முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கதையுங்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து: அண்ணா, நான் கடையில் வேலை. மனைவி, 11 வயது மகன், 9 வயது மகள். எவ்வளவு வாடகைக்கு வீடு தேடலாம்?

தம்பி, வீடு பார்க்கப் போக முன் உங்கள் தபால் குறியீட்டுக்குரிய எல்.எச்.ஏ. தொகையை, அதாவது அந்த வட்டாரத்தில் வாடகைக்குத் தரக்கூடிய உச்ச உதவியை, அரசாங்க இணையத்தளத்தில் பாருங்கள். அந்த வட்டாரத்து வாடகைகளைக் குறைந்ததிலிருந்து அடுக்கினால் நூற்றில் முப்பதாவது இடத்தில் நிற்கும் தொகையை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். 2024 ஏப்ரலில் ஒருமுறை உயர்த்தினார்கள், 2025இல் அசையவில்லை. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் விளம்பரத்தில் பார்க்கும் பெரும்பாலான வீடுகள் இந்தத் தொகைக்கு மேலேதான் இருக்கும். மிச்சத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

எத்தனை படுக்கை அறை என்பதை வயதை வைத்துத் தீர்மானிப்பார்கள். பத்து வயதுக்குக் கீழ் ஆணும் பெண்ணும் ஓர் அறை. 16க்குக் கீழ் ஒரே பாலாரான இருவர் ஓர் அறை. உங்கள் மகனுக்குப் பத்து தாண்டிவிட்டது, எனவே உங்கள் இருவருக்கும் ஒன்று, பிள்ளைகளுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று என மூன்று அறைக்குரிய தொகை. இரண்டறை வீட்டில் சமாளித்தாலும் உச்சவரம்பு மூன்றறைக்குரியதுதான். ஆனால் உண்மையான வாடகைக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டார்கள்.

அப்புறம், வாடகை உதவியும் மற்ற உதவிப்பணங்களும் சேர்ந்து இதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு மொத்த உச்சவரம்பு. லண்டனில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323 பவுண், 2023 ஏப்ரலில் வைத்தது. இருவரின் கையில் கிடைக்கும் சம்பளமும் சேர்ந்து மாதம் 846 பவுணுக்குக் குறையாவிட்டால் (2025 ஏப்ரலில் இருந்த கணக்கு, இப்போதையதைப் பாருங்கள்) இந்த வெட்டு உங்களைத் தொடாது. வேலையை விட யோசிப்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கட்டுங்கள். கையில் கொடுத்தால் நாளைக்கு ஆதாரம் இருக்காது.

ஹேய்ஸிலிருந்து: யாழ்ப்பாணத்தில் என் பெயரில் வீடும், சாவகச்சேரியில் ஒரு காணியும் உண்டு. சொல்ல வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும், அக்கா. "ஊரில இருக்கிறது இங்க ஆருக்குத் தெரியும்" என்று நம்பி, வருடங்கள் கழித்துப் பணம் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 16,000 பவுணுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வெட்டுவார்கள்.

ஆனால் யாழ்ப்பாண வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஓய்வூதிய வயது தாண்டிய உங்கள் அம்மாவோ அப்பாவோ அதைத் தம் வீடாகக் கொண்டு இருந்தால் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். சாவகச்சேரிக் காணிக்கு அந்தச் சலுகை இல்லை. அங்குள்ள சந்தை விலையில், விற்கும் செலவுக்குப் பத்து வீதம் கழித்து மதிப்பிடுவார்கள். அவசரப்பட்டுத் தம்பியின் பெயருக்கு உறுதி எழுதிவிடாதீர்கள். உதவி வாங்குவதற்காகக் கைமாற்றினீர்கள் என்று கண்டால், காணி இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்குப் போடுவார்கள்.

டூட்டிங்: எனக்கு 27 வயது, தனியாள். ஒரு முழு ஸ்டூடியோவுக்கு உதவி கிடைக்குமா?

35 வயதாகும் வரை பொதுவாகப் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்குரிய தொகைதான்.

வெம்பிளி: அக்காவின் வீட்டு மேல் அறையில் இருக்கிறேன். வாடகை என்று ஒரு கடிதம் எழுதினால் சரிவருமா?

சரிவராது. நெருங்கிய உறவினரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவருக்குக் கட்டும் வாடகைக்கு உதவி இல்லை. அக்காவுக்கு வேறொரு வீடு இருந்து, ஊராருக்குக் கொடுப்பதுபோல் ஒப்பந்தம் போட்டு, வாடகை மாதாமாதம் வங்கியில் போனால் கேட்கலாம்.

ஹாரோவிலிருந்து ஒரு வீட்டுக்காரர்: நீங்கள் ஒரு பக்கமே கதைக்கிறீர்கள். வாடகைக்காரர் பெனிபிட் காசை (அரசாங்க உதவிப்பணத்தை) வாங்கிச் செலவழித்துவிட்டால் என் மோர்ட்கேஜை யார் கட்டுவது?

அண்ணை, நியாயமான பயம்தான். இரண்டு மாத வாடகை நிலுவையானால், பணத்தை நேரே உங்களுக்கு அனுப்பும்படி நீங்களே விண்ணப்பிக்கலாம். சம்பளக்காரர் கட்டாமல் விட்டால் அப்படி ஒரு வழி இருக்கிறதா?

அவரே: என் வீடு, ஆரை வைக்கிறது என்று நான் தீர்மானிக்கிறேன்.

ஒவ்வொருவராகப் பார்த்துத் தீர்மானியுங்கள். வருமானம் கேளுங்கள், உத்தரவாதம் தருபவரைக் கேளுங்கள். "பெனிபிட் என்றால் வேண்டாம்" என்று மொத்தமாகத் தள்ளுவதை 2020 ஜூலையிலேயே யோர்க் நீதிமன்றம் பாகுபாடு என்றது. 2025இன் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் அது நேரடியாகவே தடை. கவுன்சில் 7,000 பவுண் வரை அபராதம் போடலாம்.

அவரே: அப்படியென்றால் ஆறு மாத வாடகையை முன்னுக்கு வாங்குவேன்.

அதே நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவும் முடியாது.

இல்ஃபோர்ட்: அவருக்கு நல்லாய்ச் சொன்னீர்கள்! எனக்கும் ஏஜென்ட் "வீடு போய்விட்டது" என்றார், அடுத்த நாளும் விளம்பரம் கிடக்குது.

சண்டை பிடிக்காதீர்கள். ஏன் மறுத்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம். ஹாரோ அண்ணை, இனி உங்கள் வழக்கை விடுவோம். மற்றவர்கள் நிற்கிறார்கள்.

லூயிஷம்: வாட்ஸ்அப்பில் வீட்டின் படம் வந்தது. 800 பவுண் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம்.

அனுப்பாதீர்கள். உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு ஒரு பவுணும் வேண்டாம். வீட்டைப் பிடித்துவைக்க ஒரு கிழமை வாடகைக்கு மேலும், டெபாசிட்டாகப் பொதுவாக ஐந்து கிழமைக்கு மேலும் கேட்கக்கூடாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டமொன்றில் போட வேண்டும். மறுபடி சொல்கிறேன், எல்லாம் வங்கி வழியாக.

மிட்சம்: எனக்கு எவ்வளவு கிடைக்கும்?

ஈஸ்ட்ஹாம் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்.

க்ரொய்டன்: மூன்று பிள்ளைகள். எவ்வளவு கிடைக்கும் அண்ணா?

அதே ஈஸ்ட்ஹாம் பதில்தான். பிள்ளைகளின் வயது, சம்பளம், தபால் குறியீடு ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.